பெட்டிக்குள்ளே ஒரு நாடு!



மன்னராட்சிக் காலத்திலே அவையில் ஒரு சோதிடருக்குத் தனி இருக்கை உண்டு. படையெடுக்கலாமா, வரி உயர்த்தலாமா என்று மன்னன் கேட்பான். சோதிடர் கட்டம் போடுவார், கோள்களைப் பார்ப்பார், விரல்மடித்து எண்ணுவார். இறுதியிலே மன்னன் உள்ளத்தில் முன்னரே இருந்த முடிவைக் கோள்களின் முடிவாக எடுத்துரைப்பார். படை தோற்றதா? பழி மன்னனுக்கு வாராது, கோள்களுக்குப் போகும். கோள்களைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்தவர் உண்டோ?

சோதிடர் போய்விட்டார். அவர் அமர்ந்த இருக்கை மட்டும் காலியாகவில்லை. இன்று அதிலே ஒரு கணிப்பொறியை ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெட்டிக்குள்ளே ஒரு நாட்டையே உண்டாக்கிவிட்டோம் என்கிறார்கள். இத்தனை பேர் உழவர், இத்தனை பேர் ஆலைத் தொழிலாளர், இவருக்கு இன்ன வருவாய், விலை ஏறினால் இவர் இன்னது செய்வார் என்று விதிகளை எழுதி உள்ளே அடைக்கிறார்கள். பிறகு வரியைக் கூட்டிப் பார்க்கிறார்கள். மானியத்தை வெட்டிப் பார்க்கிறார்கள். குடிசைகளை இடித்துப் பார்க்கிறார்கள். உள்ளே இருக்கும் நிழல் மக்கள் அழுகிறார்களா, அமைதியாக இருக்கிறார்களா என்று கவனித்து, வெளியே இருக்கும் நிஜ மக்களுக்கு ஆணை பிறப்பிக்கிறார்கள். நாடகத்துக்கு ஒத்திகை இருப்பதுபோல ஆட்சிக்கும் ஓர் ஒத்திகையாம்! "கணிப்பொறியே சொல்லிவிட்டது, இனி விவாதம் எதற்கு?" என்று கேட்கிறார்கள்.

விவாதம் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது நம் வாதம். பெட்டி பேசுவதில்லை. பெட்டிக்குள் எதை வைப்பது, எதை வெளியே விடுவது என்று தீர்மானித்தவர் பேசுகிறார். அவர் யார், எவரிடம் ஊதியம் பெறுகிறார், எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இந்தத் தொழில் நேற்று முளைத்ததன்று. 1959 ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டிலே எட்வர்ட் கிரீன்ஃபீல்ட் என்னும் விளம்பரத் துறையாளர் சிமுல்மாட்டிக்ஸ் என்றொரு நிறுவனத்தைத் தொடங்கினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இத்தியல் டி சோலா பூல் போன்ற பேராசிரியர்கள் உடன் சேர்ந்தனர். பழைய கருத்துக் கணிப்புகளிலே மக்கள் அளித்த விடைகளைத் துளையட்டைகளில் திரட்டி, அமெரிக்க வாக்காளர் அனைவரையும் 480 வகைகளாகப் பிரித்தார்கள். கிழக்கு மாநிலம், பெருநகரம், குறைந்த வருவாய், வெள்ளையர், கத்தோலிக்கர், பெண், ஜனநாயகக் கட்சிக்காரர் என்றால் அது ஒரு வகை. அந்த வகையிலே எத்தனை ஆயிரம் தாய்மார் இருந்தாலும் கணக்கிலே அவர்கள் ஒருவரே! 1960 ஆம் ஆண்டுத் தேர்தலிலே கென்னடியின் தரப்புக்காக இந்த நிழல் வாக்காளரை வைத்து அறிக்கைகள் எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் அறிக்கை என்ன சொல்லிற்று? வடமாநிலங்களில் வாழும் கறுப்பின வாக்காளர் ஜனநாயகக் கட்சியைவிட்டு விலகிச் செல்கின்றனர், குடியுரிமைப் பிரச்சினையில் உறுதியாக நின்றால் அவர்களை மீண்டும் பெறலாம் என்றது. அடடா, எத்தகைய அரிய கண்டுபிடிப்பு! அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தெற்கே மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தில் ஏற மறுத்து, கால் தேய நடந்து, தம் மனத்தில் இருப்பதை உலகுக்கே சொல்லியிருந்தனர். அதே 1960 பிப்ரவரியிலே கிரீன்ஸ்பரோ நகரத்து மாணவர் நால்வர், வெள்ளையருக்கு மட்டுமே உணவு பரிமாறும் மேசையிலே அமர்ந்து எழ மறுத்தனர். நடந்த கால்கள் சொன்னதைக் கேளாத தலைவர்களுக்குத் துளையட்டை வந்து சொல்ல வேண்டியிருந்தது. இதுவே நம்மை முதலில் உறுத்துகிறது. மக்கள் உரக்கச் சொல்வதைக் கேட்க மனமில்லாதவனே அவர்களின் நிழலிடம் போய் இரகசியம் கேட்கிறான்.

ஏறத்தாழ 1,13,000 வாக்கு வேறுபாட்டிலே கென்னடி வென்றார். சிமுல்மாட்டிக்சுக்குப் புகழ் வந்தது. புகழோடு ஆசையும் வந்தது. வியட்நாமிலே போர் மூண்டபோது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் சைகோன் நகருக்கே சென்று, அந்நாட்டு உழவர்களின் உள்ளத்தை அளந்து தருவதாகச் சொன்னது அந்நிறுவனம். அளந்தவை தாள்களாகக் குவிந்தன. போர் போன வழியே போயிற்று. 1970 இல் நிறுவனம் திவாலாயிற்று. நிறுவனம்தான் செத்தது, தோழர்களே, எண்ணம் சாகவில்லை.

எண்ணம் எந்த வடிவிலே எழுந்தது என்பதைக் காண ஜே ஃபாரஸ்டர் என்னும் பொறியியல் மேதையிடம் போவோம். மேதை என்று கேலியாகச் சொல்லவில்லை. கணிப்பொறியின் காந்த நினைவகத்தை உருவாக்கியவர்களுள் தலையாயவர் அவர். 1969 ஆம் ஆண்டு அவர் நகர இயக்கவியல் பற்றி ஒரு நூல் எழுதினார். பாஸ்டன் நகரின் முன்னாள் மேயர் ஜான் காலின்ஸ் முதலியவர்களோடு உரையாடி, பெட்டிக்குள் ஒரு கற்பனை நகரத்தை எழுப்பினார். அதிலே மூவகை மக்கள்: மேலாளர், தொழிலாளர், போதிய வேலையற்றோர். மூவகை வீடுகள். 250 ஆண்டு அந்த நகரத்தை ஓடவிட்டார். ஓடி முடித்து அது சொன்ன தீர்ப்பைக் கேளுங்கள்: ஏழைகளுக்குக் குறைந்த விலையில் வீடு கட்டிக் கொடுத்தால் நகரம் கெடும், சேரி வீடுகளை இடித்துத் தொழில் நிலையங்களுக்கு இடம் கொடுத்தால் நகரம் செழிக்கும்!

எத்தனை நில முதலைகள் எத்தனை நாடுகளிலே சொல்ல விரும்பிச் சொல்லக் கூசிய சொல் அது! பெட்டி கூசாமல் சொல்லிற்று.

எப்படி அந்த விடை வந்தது? சூழ்ச்சி ஏதுமில்லை, கணக்கிலே பிழையுமில்லை. நகரத்தைச் சுற்றி ஃபாரஸ்டர் ஓர் எல்லைக்கோடு வரைந்தார். கோட்டுக்கு அப்பால் உள்ள உலகம் முழுவதையும் "எல்லையற்ற சூழல்" என்று வைத்துக்கொண்டார். வீடு இடிக்கப்பட்ட ஏழை கோட்டைத் தாண்டி வெளியேறினால் அவனுக்கு என்ன ஆயிற்று என்று கணக்கு கேட்காது. அவன் பசித்தானா, அடுத்த ஊரின் சாக்கடை ஓரத்திலே குடிசை போட்டானா, அந்த ஊர் என்ன பாடுபட்டது, எதுவும் ஏட்டிலே ஏறாது. வெளியேறிய கணத்திலே அவன் எண்ணாக இருப்பதையும் இழந்துவிடுகிறான். குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலிலே கொட்டிவிட்டு, "என் வீட்டைப் பாரீர், எத்தனை துப்புரவு!" என்பானே, அவனுடைய கணக்குத்தான் இது. 250 ஆண்டு ஓட்டினாலும் 2,500 ஆண்டு ஓட்டினாலும் விடை மாறாது. முடிவைச் சமன்பாடுகள் எழுதவில்லை. முதல் நாள் வரைந்த கோடு எழுதிவிட்டது.

ஏட்டுச் சுரைக்காய்தானே, கறிக்கு உதவாதே, அதற்கேன் இத்தனை சினம் என்று தோழர் சிலர் கேட்கலாம். கறிக்கு உதவாதது கழுத்துக்குக் கத்தியாக உதவும். நியூயார்க் நகரம் கண்ட காட்சி அது.

அந்நகரத்து மேயர் ஜான் லிண்ட்சே 1968 இல் ராண்ட் நிறுவனத்தை அழைத்தார். விமானப்படைக்குப் போர்க் கணக்குப் போட்டுக் கொடுத்து வளர்ந்த நிறுவனம் அது. அடுத்த ஆண்டு நியூயார்க்குக்கென்றே ஒரு கிளை ஆய்வகம் அமைந்தது. அதன் முதன்மையான வேலைகளுள் ஒன்று, தீயணைப்பு நிலையங்களை எங்கே வைப்பது, எங்கே குறைப்பது என்ற கணக்கு. மணியடித்து எத்தனை நிமிடத்திலே வண்டி போய்ச் சேருகிறது என்பதை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். நிலையத்துக்கும் தீப்பிடித்த வீட்டுக்கும் உள்ள சராசரித் தொலைவு, நிலப்பரப்பை வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையும் என்று ஒரு விதியும் கண்டார்கள். 

வர்க்கமூலம் என்றதும் மிரள வேண்டாம். இது பள்ளிக் கணக்குத்தான். ஒரே அளவுள்ள இரு வட்டாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலே 9 வண்டி, மற்றதிலே 2 வண்டி. ஒன்பதில் ஒன்றை எடுத்தால் தொலைவு நூற்றுக்கு 6 பங்குதான் கூடுகிறது. இரண்டில் ஒன்றை எடுத்தால் நூற்றுக்கு 41 பங்கு கூடிவிடுகிறது. ஆகவே, செலவைக் குறைக்க வேண்டுமானால் வண்டி நெருக்கமாக உள்ள இடத்திலே கைவை என்று கணக்கு கைகாட்டும். வண்டி நெருக்கமாக இருந்தது எங்கே? வீடுகள் நெருங்கிய, மக்கள் நெருங்கிய, தீ அடிக்கடி பிடித்த ஏழை வட்டாரத்திலே! எவருக்கு மிகுதியாகத் தேவையோ அவரிடமிருந்து எடு என்பதை எத்தனை நாகரிகமாகச் சொல்கிறது பாருங்கள், அந்த வர்க்கமூலம்.

இந்த விதியின் வயிற்றுக்குள்ளே ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. மணியடிக்கும்போது வண்டி நிலையத்திலே காத்திருக்கிறது என்பதே அது. தென் பிராங்க்ஸ் பகுதியிலோ, மணியடிக்கும்போது வண்டி வேறொரு தீயோடு போராடிக்கொண்டிருக்கும். 1972 முதல் நிலையங்கள் மூடப்பட்டன. தீயணைப்புத் தொழிலாளரின் சங்கம் எதிர்த்தது. சங்கக்காரர் எதற்குத்தான் எதிர்க்கமாட்டார் என்று ஒதுக்கிவிட்டார்கள். டெபோரா வாலஸ், ரோட்ரிக் வாலஸ் என்னும் ஆய்வாளர் இருவர் இந்தக் கணக்கின் ஓட்டைகளை ஆண்டுக்கணக்காகத் தோண்டி, 1998 இல் நூலாகவே வெளியிட்டனர். 1970 க்கும் 1980 க்கும் இடையே பிராங்க்சிலே 7 கணக்கெடுப்பு வட்டாரங்கள், தீயாலும் கைவிடப்பட்டதாலும், நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் கட்டடங்களை இழந்தன. 44 வட்டாரங்கள் பாதிக்கு மேல் இழந்தன. 1977 அக்டோபரிலே குடியரசுத் தலைவர் கார்ட்டர் சார்லட் தெருவுக்கு வந்து நின்றபோது, அவர் கண்டது குண்டு விழாமலே குண்டு விழுந்த நகரம்.

அத்தனைக்கும் கணிப்பொறியே காரணம் என்று நாம் சொல்லவில்லை. காப்பீட்டுப் பணத்துக்காகத் தம் வீட்டுக்கே தீவைத்த நில உடைமையாளர் இருந்தனர். அந்த வட்டாரங்களுக்குக் கடன் தர மறுத்த வங்கிகள் இருந்தன. கருவூலத்தைக் காலியாக்கிய நிருவாகம் இருந்தது. தீ மூட்டியவர் பலர். ஆனால், தீயணைப்பு வண்டியை அங்கிருந்து எடுத்தபோது, "நான் எடுக்கவில்லை, அறிவியல் எடுத்தது" என்று சொல்லிக்கொள்ள ஆட்சியாளருக்கு ஒரு திரை கிடைத்தது. அந்தத் திரையை நெய்து கொடுத்ததுதான் குற்றம். நியூயார்க்–ராண்ட் ஆய்வகம் 1975 இல் மூடப்பட்டது. அதை வர்க்கமூலம் மூடவில்லை, பணமுடை மூடிற்று!

அதே 1975 நவம்பரிலே புரூக்ளின் பகுதியின் வில்லியம்ஸ்பர்க்கில் நடந்ததை நம் தோழர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். கடனில் மூழ்கிய மாநகராட்சி 212 ஆம் எண் தீயணைப்பு நிலையத்தை மூட ஆணையிட்டது. அது பெரும்பாலும் போலந்து வழிவந்த தொழிலாளர் வாழ்ந்த பகுதி. மர வீடுகள் நெருங்கிய தெருக்கள். ஊர்மக்கள் திரண்டு வந்தார்கள். வண்டியை வெளியே எடுக்கவிடாமல் தடுத்தார்கள். நிலையத்துக்குள்ளேயே குடியேறினார்கள். முறைவைத்துக் காவல் காத்து, உள்ளேயே உண்டு உறங்கி, 16 மாத காலம் அதை விட்டு அகலவில்லை. மாநகராட்சி பணிந்தது; நிலையம் மீண்டும் இயங்கிற்று. "மக்கள் தீயணைப்பு நிலையம்" என்று அதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. எந்தப் பெட்டிக்குள்ளாவது இந்த 16 மாதம் இருந்ததா? கிழவியர் கம்பளியோடு வந்து தீயணைப்பு வண்டியின் பக்கத்திலே படுப்பர் என்று எந்தச் சமன்பாடு சொல்லிற்று? பெட்டிக்குள் இருக்கும் மக்கள் வரி கட்டுவர், வீடு மாறுவர், வாக்களிப்பர். மறியல் மட்டும் செய்வதில்லை. (2003 இல் வேறொரு மேயர் காலத்திலே அந்த நிலையம் மீண்டும் மூடப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வென்றதைக் காக்க ஆளில்லாவிட்டால் வென்றது நிலைக்காது.)

இனி, எதிர்த்தரப்பார் இரண்டு செய்திகளை நம் முகத்தின்மேல் வீசுவார்கள். இரண்டையும் நேரே எதிர்கொள்வோம்.

முதலாவது, 2020 ஆம் ஆண்டுக் கொள்ளைநோய். மார்ச்சு 16 ஆம் நாள் இலண்டன் இம்பீரியல் கல்லூரியார் ஒரு கணிப்பை வெளியிட்டனர். ஒன்றுமே செய்யாதிருந்தால் பிரித்தானியாவில் ஏறத்தாழ 5,10,000 பேர் மடிவர் என்றது அது. அத்தனை பேர் மடியவில்லையே, கணக்கு பொய்த்ததே என்று நகைத்தோர் உண்டு. அந்த நகைப்பிலே நாம் சேரமாட்டோம். "ஒன்றுமே செய்யாதிருந்தால்" என்பதல்லவா கணக்கின் முதல் சொல்? பள்ளம் இருக்கிறது என்று ஒருவர் கூவினார், வண்டிக்காரன் மாட்டைத் திருப்பினான், வண்டி கவிழவில்லை. கூவியவரைப் பொய்யர் என்பதா? ஆனால், ஒரு தேசத்தையே வீட்டுக்குள் அடைக்கத் தூண்டிய அந்தக் கணக்கின் நிரல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது சில வாரம் கழித்துத்தான். தீர்ப்பு முதலில், சாட்சியம் பிறகு! அவசரம் என்று ஒருமுறை பொறுக்கலாம், வழக்கமாக்க விடலாகாது.

இரண்டாவது செய்தி நம் நெஞ்சுக்கு நெருங்கியது. சிலி நாட்டிலே சால்வடார் அலெண்டேயின் சோசலிச ஆட்சியே கணிப்பொறியைக் கைக்கொண்டதே என்பார்கள். ஆம், கைக்கொண்டது. 1971 இல் ஃபெர்னாண்டோ ஃப்ளோரஸ் என்னும் இளம் பொறியாளர் எழுதிய கடிதத்தின்பேரில் ஸ்டாஃபோர்ட் பீர் என்ற ஆங்கில அறிஞர் அங்கே சென்றார். சைபர்சின் என்னும் திட்டம் உருவாயிற்று. பொதுவுடைமையாக்கப்பட்ட ஆலைகளிலிருந்து தொலைஅச்சு வழியே உற்பத்திச் செய்தி நாள்தோறும் தலைநகர் வந்தது. சாந்தியாகோவிலே 7 நாற்காலிகள் கொண்ட ஒரு செயற்கூடம் அமைத்தார்கள். பொருளாதாரத்தை ஒத்திகை பார்க்கும் ஒரு பகுதியும் அத்திட்டத்தில் இருந்தது.

எந்தப் பகுதி உதவிற்று, எது உதவவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒத்திகைப் பகுதி ஆட்சி முடிவுகளை எடுக்கும் அளவுக்கு வளரவே இல்லை. உதவியது தொலைஅச்சு! 1972 அக்டோபரிலே சரக்குந்து முதலாளிகள் வேலைநிறுத்தம் செய்து நாட்டைப் பட்டினி போட முனைந்தபோது, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த ஆலையிலே எது தீர்ந்துவிட்டது, எந்த வண்டி ஓடும் என்று தொழிலாளர் அனுப்பிய செய்தியைக் கொண்டு, கைவசம் இருந்த சொற்ப வண்டிகளை வைத்தே அரசு உணவைக் கொண்டு சேர்த்தது. அங்கே இயந்திரம் மக்களைப் போல நடிக்கவில்லை; மக்கள் சொன்னதைச் சுமந்து சென்றது. தம் திட்டத்தை அலெண்டேக்கு விளக்கிய நாளைப் பற்றி பீர் சொல்லுவதுண்டு. ஆட்சி அமைப்பைப் படமாக வரைந்துகொண்டே வந்து, உச்சியிலே உள்ள கட்டத்தைக் காட்டி, இது தாங்கள் என்று சொல்ல வாயெடுத்தாராம். அதற்குள் அலெண்டே, கடைசியில் மக்கள் வந்துவிட்டார்கள் என்றாராம். 1973 செப்டம்பர் 11 இலே பட்டாளம் அந்த மாளிகையைத் தாக்கிற்று. அலெண்டே மாண்டார். செயற்கூடமும் அழிந்தது.

இன்றைய செய்திக்கு வருவோம். 2024 நவம்பரிலே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட ஓர் ஆய்வுக் குழு 1,052 அமெரிக்கரின் நிழல்களை உருவாக்கியதாக அறிவித்தது. ஒவ்வொருவரிடமும் இரண்டு மணி நேரப் பேட்டி. பேட்டி கண்டதும் இயந்திரமே. அதன் பிறகு, அந்த மனிதர் என்ன விடையளிப்பாரோ அதை அவருடைய நிழல் அளிக்கும். பெயர்பெற்ற ஒரு சமூகக் கருத்தாய்வின் கேள்விகளைக் கேட்டபோது, அந்த மனிதர்கள் இரண்டு வாரம் கழித்துத் தம் விடையைத் தாமே திருப்பிச் சொல்லும் துல்லியத்திலே நூற்றுக்கு 85 பங்கை நிழல் எட்டிவிட்டதாம்.

இந்த அளவுகோலைக் கூர்ந்து நோக்குங்கள், தோழர்களே. மனிதர் தம் விடையைத் தாமே முழுமையாகத் திருப்பிச் சொல்லவில்லை! இரண்டு வாரத்திலே மனம் மாறியிருக்கிறது. ஒருவேளை விலை ஏறியிருக்கும். ஒருவேளை பக்கத்து வீட்டுக்காரர் வேலை இழந்திருப்பார். ஒருவேளை ஒரு கூட்டத்துக்குப் போய் ஒரு பேச்சைக் கேட்டிருப்பார். கணக்கரின் ஏட்டிலே அந்த மாற்றம் தள்ளுபடி செய்ய வேண்டிய தடுமாற்றம். நமக்கோ அதுதான் அரசியல்! மாலைக் கூட்டம் போடுவது எதற்கு? திண்ணைப் பிரச்சாரம் எதற்கு? நேற்று ஒன்று நினைத்தவர் நாளை வேறொன்று நினைக்கக்கூடும் என்ற ஒரே நம்பிக்கையின் மேலல்லவா எந்த இயக்கமும் எழுகிறது?

இந்த இடத்தில் நம் வீட்டுக்குள்ளும் சற்றுப் பார்க்க வேண்டும். நம் நாட்டிலும் தேர்தல் வந்தால் கட்சிகள் ஆலோசனை நிறுவனங்களை அமர்த்துவது வழக்கமாகிவிட்டது. தொகுதிவாரியாக, சாதிவாரியாக, வயதுவாரியாக வாக்காளரைக் கட்டம் கட்டி, இன்ன கட்டத்துக்கு இன்ன சொல் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். முப்பது ஆண்டாக ஒரு தெருவிலே சைக்கிள் மிதித்து, எந்த வீட்டில் எவருக்கு ஓய்வூதியம் வரவில்லை என்று விரல் நுனியில் வைத்திருக்கும் கிளைச் செயலாளரைப் பின்வரிசையில் அமர்த்திவிட்டு, அந்தத் தெருவைப் படத்திலே மட்டும் கண்ட இளைஞர் முன்வரிசையிலே நின்று வண்ணக் கோடு காட்டுகிறார். செயலாளரும் தமக்கு ஒன்றும் தெரியாதோ என்று மயங்கி வாய்மூடி இருக்கிறார். மாற்றான் செய்தால் சூழ்ச்சி, நாம் செய்தால் நவீனம் என்று பேசிக்கொள்வது நமக்கு அழகாகாது.

கணக்கைக் கொளுத்தச் சொல்லவில்லை. வெள்ளம் எந்த வழியே வரும், நோய் எந்த வேகத்தில் பரவும், நெல் எத்தனை மூட்டை தேறும் என்று கணக்கிட்டுப் பார்க்காத ஆட்சி குருட்டு ஆட்சி. ஆனால், எந்த மக்களின் பெயரால் கணக்குப் போடுகிறார்களோ, அந்த மக்களின் மொழியிலே அதன் அனுமானங்களை முன்கூட்டியே அச்சிட்டு வெளியிட வேண்டும். நிலையம் மூடப்படும் தெருவைச் சேர்ந்தவர் எழுந்து, "என் தெருவில் வண்டி நிலையத்திலே நிற்பதே இல்லை ஐயா" என்று சொல்ல ஓர் அவை வேண்டும். அவர் சொன்னால் கணக்கைத் திருத்த வேண்டும். இறுதி முடிவின்கீழ் ஓர் அமைச்சரின் கையொப்பம் இருக்க வேண்டும். மன்றத்தில் நின்று அவரே விடை சொல்ல வேண்டும்.

அடுத்த முறை உங்கள் நகராட்சிக்கோ, நம் கட்சி அலுவலகத்துக்கோ திரையும் விளக்கும் ஏந்தி ஒரு நிபுணர் வருவார். மரியாதையோடு அமரச் செய்யுங்கள், தேநீர் கொடுங்கள். முதல் படம் திரையிலே விழுந்ததும், பின்வரிசையில் இருக்கும் அந்தக் கிளைச் செயலாளர் எழுந்து ஒன்று கேட்கட்டும்: "இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் யார் யார்?" விடை வரும்வரை இரண்டாவது படத்துக்குப் போக வேண்டாம்.